ஹம்ப்ரி: ஒரு அரசு ஊழியரின் கதை

லண்டனில் 10, டவுனிங் தெரு என்றால் பிரிட்டிஷ் பிரதமர் இருக்கும் வீடு. ரொம்பப் பழைய கட்டடம். ஆகவே எலிகளும் அங்கே பரம்பரைக் குடித்தனக்காரர்கள்! எலி பிடிக்கப் பூனை வளர்ப்பது பிரிட்டனில் அரசாங்கக் கணக்கிலேயே ஏறின சமாச்சாரம். 1929-ல் உள்துறை அலுவலகப் பூனைக்கு நாளைக்கு 1 பென்னி செலவு பண்ணலாம்னு கருவூலம் முறைப்படி அனுமதி கொடுத்தது. 1932-ல் அதுவே வாரத்துக்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் ஆச்சு. பஞ்சப்படி உயர்வுன்னு வெச்சுக்கலாம்.

இந்தப் பூனைகள்ல எனக்குப் பிடிச்சது ஹம்ப்ரி. கறுப்பு வெள்ளை. 1989-ல், தாட்சர் அம்மையார் காலத்தில், எங்கிருந்தோ தெருப்பூனையா வந்து சேர்ந்தது. 'யெஸ் மினிஸ்டர்' தொலைக்காட்சித் தொடரில் அமைச்சரையே ஆட்டி வைக்கிற அதிகாரி சர் ஹம்ப்ரி வருவாரே, அவர் பேரைத்தான் வெச்சாங்க. சாப்பாட்டுக்கு வருஷம் 100 பவுண்ட். அதுக்கு முன்னாடி எலி ஒழிக்க வந்த ஒப்பந்தக்காரருக்கு வருஷம் 4,000 பவுண்ட். அவர் ஒரு எலியைக்கூடப் பிடிக்கலைன்னு பேச்சு.

ஹம்ப்ரி மேல விசாரணையும் உண்டு! 1994-ல் ஜன்னல் தொட்டியில் கூடு கட்டியிருந்த ராபின் குருவியின் குஞ்சுகளைக் கொன்னதா பத்திரிகைகள் குற்றம் சாட்டின. அப்போதைய பிரதமர் ஜான் மேஜரே பூனைக்காக வாதாடினார்.

1995 ஜூனில் ஆளைக் காணோம். செப்டம்பரில், இறந்திருக்கலாம்னு பிரதமர் அலுவலகமே அறிவிச்சது. பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் விஷயம் தெரிஞ்சது. பக்கத்திலிருந்த ராணுவ மருத்துவக் கல்லூரியில், யாரோ வளர்க்காத பூனைன்னு நினைச்சு, வேற பேர் வெச்சு சோறு போட்டுட்டு இருந்திருக்காங்க!

இனிமேதான் கதையே. 1997 மே மாதம் டோனி பிளேர் ஆட்சிக்கு வந்தார். அவர் மனைவி ஷெரிக்குப் பூனை பிடிக்காதுன்னு வதந்தி கிளம்பிச்சு. அவர் ஹம்ப்ரியைத் தூக்கி வெச்சுக்கிட்டு எடுத்த போட்டோவை வெளியிட்டாங்க. வதந்தி அடங்கலை. நவம்பரில், சிறுநீரகக் கோளாறு இருக்கு, அமைதியான வீடு வேணும், அதனால் ஹம்ப்ரி ஓய்வு பெறுதுன்னு அறிவிச்சாங்க. யாரும் நம்பத் தயாரா இல்லை. "பூனை உயிரோடதான் இருக்கா?"ன்னு எதிர்க்கட்சி எம்.பி. ஆலன் கிளார்க் கேட்டார். கடைசியில் பத்திரிகைக்காரர்களைத் தெற்கு லண்டனில் ஒரு ரகசிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், அன்றைய செய்தித்தாள்களோட ஹம்ப்ரியைப் படம் எடுக்க விட்டாங்க.

நம்ம ஊர்ல பென்ஷன் வாங்கும் பெரியவங்க வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு சான்றிதழ் கொடுப்பாங்களே, அதே கதைதான். ஒரே வித்தியாசம், இங்கே சந்தேகம் பூனை மேல இல்லை, அரசாங்கத்து மேல. புது ஆட்சி வந்து ஆறு மாசம்தான். ஆனாலும் ஒரு பூனை விஷயத்தில் அது சொன்ன வார்த்தைக்கு போட்டோ ஆதாரம் தேவைப்பட்டது. கேட்க வேடிக்கையா இருக்கு. ஆனா, யோசிச்சுப் பார்த்தா எனக்கு இது நல்ல அறிகுறியாத்தான் படுது. பூனைக்கே கணக்கு கேட்கிற ஜனங்க மத்ததுக்கும் கேட்பாங்க இல்லையா?

ஹம்ப்ரி 2006-ல் இறந்தது. தான் பெரிய சர்ச்சைக்கு நடுவில் இருந்தது அதுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை, பாவம். ஆனா அரசாங்கம் பாடம் படிச்ச மாதிரிதான் தெரியுது. 2011-ல் வந்த பூனை லாரி. 2016-ல் டேவிட் கேமரூன் பதவி விலகியபோது, லாரி அவங்க குடும்பப் பூனை இல்லை, அரசுப் பூனை, இங்கேயேதான் இருக்கும்னு முன்கூட்டியே தெளிவா சொல்லிட்டாங்க.

பிரதமர்கள் வருவாங்க, போவாங்க. எலி எங்கேயும் போறதில்லையே!