ஃபிஸ்டுலா

டயாலிசிஸ் பிரிவில் "கையில ஃபிஸ்டுலா போடணும்" என்பார்கள். குடல் அறுவை மருத்துவரோ "ஃபிஸ்டுலாவை எடுக்கணும்" என்பார். கேட்கிறவருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

லத்தீனில் ஃபிஸ்டுலா என்றால் குழாய். ஊதுகிற நாணற்குழலுக்கும் அதே பெயர். உடம்பில் இருக்கக் கூடாத இடத்தில் விழுந்த வழியை மருத்துவம் அப்படி அழைத்தது. ஆசனவாயருகே சீழ்க்கட்டி உடைந்து தோல்வரை துளைத்துவந்தால் அது பவுத்திரம். 1686இல் பிரான்சின் பதினான்காம் லூயிக்கே இதற்காகக் கத்தி வைத்தார்கள். நம் 'புரையோடிய புண்'ணும் ஏறக்குறைய இதுதான். புரை என்றால் உள்துளை.

கையில் போடுவது வேண்டுமென்றே உண்டாக்கும் வழி. மணிக்கட்டில் தமனியைச் சிரையோடு இணைக்கும் இந்த முறையை 1966இல் நியூயார்க்கின் பிரெசியா, சிமினோ குழுவினர் வெளியிட்டார்கள். தமனியின் வேகத்தில் ரத்தம் பாயப் பாய, சிரை சில வாரங்களில் தடித்து, டயாலிசிஸுக்கான பெரிய ஊசிகளைத் தாங்கும். அங்கே விரல் வைத்தால் டப்பாவில் அடைத்த வண்டு போல ஒரு ரீங்காரம். நாணற்குழல் என்ற பழைய பொருள் இங்குதான் பொருந்துகிறது என்பேன். ரீங்காரம் நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.