சேர்க்கையா, ஆளா? பதிவிணைப்பின் தோற்றம் பற்றிய ஃபெல்லெகியின் வாசிப்பை முன்வைத்து

ஒரே ஆளைப் பற்றிய வெவ்வேறு பதிவுகளைக் கோக்கும் பதிவிணைப்பு 1960களில் தனித்துறையாக உருப்பெற்றதற்கு ஐவன் ஃபெல்லெகி 1997இல் ஆற்றிய உரையொன்றில் நான்கு காரணங்கள் சொன்னார்: நலன்சார் அரசு குவித்த கோப்புகள், கணினியின் வரவு, அரசுகளின் தகவல் பசி, தனியுரிமை பற்றிய பொதுமக்களின் அச்சம். 1969இல் ஆலன் சண்டருடன் இணைந்து இத்துறைக்கு நிகழ்தகவு சார்ந்த கணிதக் கோட்பாடு வகுத்தவரே அவர். ஆகவே இது உள்ளிருந்து வரும் சாட்சியம். ஆயினும் மருத்துவமனைப் பயன்பாட்டை அளக்கும் கிளைக்கு இவ்விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலாவது, கோப்புகளும் நலத்திட்டங்களும் சுவீடனிலும் டென்மார்க்கிலும் குறைவில்லை. சுவீடன் 1947இலும் டென்மார்க் 1968இலும் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தந்தன. எண் இருக்குமிடத்தில் இணைப்பு எளிது. நிகழ்தகவுக்கு அங்கே பெரிய வேலையில்லை. கோட்பாடு பிறந்ததோ, பிறப்பு, திருமணப் பதிவுகளுக்குப் பொதுவான எண் இல்லாத கனடாவில். ஃபெல்லெகியின் காரணங்கள் கோப்புகள் பெருகியதை விளக்குகின்றன. கோட்பாடு ஏன் இந்த வடிவம் எடுத்தது என்பதை விளக்கவில்லை. இரண்டாவது, ஒருவரின் வாழ்நாள் பதிவுகளை ஒரே நூலாகக் கோக்கும் யோசனையை ஹால்பர்ட் டன் 1946லேயே வெளியிட்டுவிட்டார். அலுவலகங்களுக்குக் கணினி அப்போது வந்திருக்கவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கனடாவின் சாக் ரிவரில் கதிர்வீச்சின் மரபியல் விளைவுகளை ஆராய முனைந்த ஹோவர்ட் நியூகோம் குழு, பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிறப்புப் பதிவுகளைத் திருமணப் பதிவுகளோடு இணைத்து 1959இல் கட்டுரை வெளியிட்டது. தந்தையின் குடும்பப்பெயர், தாயின் மணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர் இரண்டையும் சவுண்டெக்ஸ் குறியீடாக்கி, அந்த இணையின்படி அவர்கள் பதிவுகளை அடுக்கினர். சவுண்டெக்ஸ் 1918இல் காப்புரிமை பெற்ற பழைய முறை: முதலெழுத்து அப்படியே நிற்கும், உயிரெழுத்துகள் உதிரும், ஒத்த ஒலியுடைய மெய்கள் ஒரே இலக்கம் பெறும். ஸ்மித், ஸ்மைத் இரண்டும் எஸ் 530 ஆகின்றன. ஆனால் ரோஜர்ஸ் ஆர் 262. நடுவே ஒரு ‘டி’ நுழைந்த ராட்ஜர்ஸ் ஆர் 326.

மருத்துவமனைக் கணக்கில் இந்த ஒற்றை எழுத்து என்ன செய்யும்? ரோஜர்ஸ் என்று ஒருமுறையும் ராட்ஜர்ஸ் என்று மறுமுறையும் சேர்க்கப்பட்ட ஒரே நோயாளி இரு அடுக்குகளில் போய் விழுவார், இருவராக எண்ணப்படுவார். ஆட்கள் கூடுவர், மறுசேர்க்கை குறையும். தவறாக இணைத்தால் நேரெதிர். ஃபெல்லெகி–சண்டர் கோட்பாடு ‘இணை’, ‘இணையல்ல’ என்பவற்றுக்கிடையே ‘ஐயம்’ என மூன்றாம் வகை வைத்து, அதை மனிதக் கண்ணுக்கு அனுப்பியது இதனால்தான்.

சேர்க்கையை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா என்பது வகுக்கும் எண்ணையும் மாற்றும்; எதை எதால் வகுப்பது என்ற இச்சிக்கல் கணினிக்கு மிக மூத்தது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் 1863ஆம் ஆண்டு நூல் லண்டனின் 24 மருத்துவமனைகளுக்கு 90.84 விழுக்காடு இறப்பு என்று காட்டிப் பெரும் சர்ச்சை கிளப்பியது. ஆண்டு முழுதும் நிகழ்ந்த இறப்புகளை ஒரே நாளில் உள்ளிருந்த நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்ததன் விளைவு அது.

ஆக்ஸ்ஃபோர்டில் டொனால்ட் அச்சிசன் தொடங்கிய பதிவிணைப்பு ஆய்வை இந்த மரபில் வைத்தே படிக்க வேண்டும். இங்கிலாந்தின் உள்நோயாளிக் கணக்கெடுப்பு ‘வெளியேற்றங்களும் இறப்புகளும்’ என்றே எண்ணியது. ஒருவர் மூன்று முறை வந்தாரா, மூவர் ஒருமுறை வந்தனரா என்பது அதில் தெரியாது. படுக்கைகளைத் திட்டமிட அரசுக்கு அதுவே போதும். அச்சிசனோ ஒரு குறிப்பிட்ட மக்கள்தொகையின் மருத்துவமனைச் சேர்க்கைகளை, எந்த மருத்துவமனையில் நிகழ்ந்தாலும், பிறப்பு, இறப்புகளோடு கோத்தார். அவர் தேடியது ஆளை. ‘அரசின் தகவல் பசி’ என்ற காரணம் இங்கே பொருந்தவில்லை. அவருடைய 1967 நூல் நஃபீல்ட் மாகாண மருத்துவமனைகள் அறக்கட்டளைக்காக வெளிவந்ததும் இதையே சுட்டுகிறது. சான்று மெலிந்ததுதான்; ஆயினும் திசை ஒன்றே.

தொடக்க ஆண்டு பற்றி ஒருமித்த வழக்கு இல்லை. 1962 என்பது ஆய்வு தொடங்கிய ஆண்டாகக் குறிக்கப்படுகிறது. பிற்காலக் கட்டுரைகள் தரவை 1963 முதல் கணக்கிடுகின்றன. எதைக் கொண்டாலும் ஆளைத் தேடும் அச்சிசனின் கேள்வி 1969இன் கோட்பாட்டுக்கு முந்தியது. ஆனால் நியூகோமின் 1959 கட்டுரை இரண்டுக்கும் முந்தியது. ஆக்ஸ்ஃபோர்டு அதற்கு எவ்வளவு கடன்பட்டது என்பதை ஆண்டு வரிசை மட்டும் தீர்த்துவைக்காது. கணினியின்றி இவ்வளவு பதிவுகளை இணைத்திருக்க முடியாது என்ற அளவில் ஃபெல்லெகியின் கூற்று நிற்கிறது. காரணம் என்ற அளவில் நிற்கவில்லை.