குள்ளத்தாரா: சோழமண்டலத்தின் பெயர் கொண்ட சின்ன வாத்து

சிதம்பரத்துக்கு மேற்கே ஓர் ஏரிக்கரை. ஆவணி மாசம், மேட்டூர் தண்ணி வந்து ஏரி நிறைஞ்சிருந்த சமயம். மாடு ஓட்டி வந்த பெரியவர் அல்லி இலைகளுக்கு நடுவே கைகாட்டிக் கேட்டார்: "ஏந்தம்பி, அது வாத்துக் குஞ்சா? தாயைக் காணோமே?"

குஞ்சு இல்லீங்க, வளர்ந்த ஆணே அவ்வளவுதான் என்றேன். அவர் நம்பவில்லை. நம்ம ஊர்ப் பெயரையே உலகம் முழுக்கச் சுமக்கிற பறவை அது என்று சொல்லியிருந்தால் இன்னும் நம்பியிருக்க மாட்டார். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

தமிழில் இதற்குக் குள்ளத்தாரா என்று பெயர். அளவில் ஒரு மாடப்புறா போலத்தான். எடை கால் கிலோ அளவு. உலகின் மிகச் சிறிய வாத்தினங்களில் ஒன்று. இனப்பெருக்க காலத்தில் ஆணுக்கு முகமும் கழுத்தும் வெள்ளை, உச்சந்தலை கருமை, முதுகில் பச்சை மினுமினுப்பு, கழுத்தில் கருப்பு வளையம், கண் சிவப்பு. பறக்கும்போது இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். பெண் பழுப்பு நிறம். கண் வழியாக மை தீட்டியது போல ஒரு கோடு.

இரண்டு பறவைகளோடு இதைக் குழப்பிக்கொள்வது வழக்கம். முக்குளிப்பானும் சிறியதுதான், ஆனால் அது சட்டென்று மூழ்கி வேறிடத்தில் எழும். குள்ளத்தாரா பெரும்பாலும் நீரின் மேலேயே மிதந்து மேயும். சீழ்க்கைச் சிறகி செம்பழுப்பு நிறம், நீண்ட கழுத்து, பறக்கும்போது சீழ்க்கை அடிக்கும். அலகைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். குள்ளத்தாராவுக்குப் பெருவாத்தின் அலகைப் போலக் குட்டையாக, கனமாக இருக்கும்.

இனி பெயருக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் இயற்கையியலாளர் பூஃபோன் தன் பறவை நூலில் இதைக் 'கோரமண்டல் சிறுவாத்து' என்ற பொருளில் விவரித்தார். 1789இல் ஜெர்மானியர் க்மெலின் அதற்கு லத்தீன் பெயர் சூட்டியபோதும் 'கோரமண்டலியானா' என்றே வைத்தார். 1836இல் பிராண்ட் என்பவர் 'நெட்டாபஸ்' என்று தனிப் பேரினம் ஆக்கினார். கிரேக்கத்தில் வாத்தின் பாதம் கொண்டது என்று பொருள். ஆக, நெட்டாபஸ் கோரமண்டலியானஸ்.

கோரமண்டல் என்பது சோழமண்டலத்தின் ஐரோப்பியத் திரிபு என்பதே பெரும்பாலோர் ஏற்ற கருத்து. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று எல்லாரும் பரங்கிப்பேட்டை, கடலூர், புதுச்சேரி என வரிசையாகக் கடை விரித்த கரை இது. துணியும் சாயமும் கப்பலேறிய அதே கரையின் பெயர் ஒரு பறவைக்கும் ஒட்டிக்கொண்டது. அதே பெயர் கொண்ட ஓர் ஆங்கிலேயக் கப்பல் 1820இல் போய்ச் சேர்ந்ததால் நியூசிலாந்திலும் ஒரு கோரமண்டல் உண்டு!

ஆங்கிலத்தில் இதைக் 'காட்டன்' என்ற சொல்லோடு சேர்த்து அழைப்பார்கள். கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டன் நினைவுக்கு வரும்; ஆனால் அவருக்கும் இதற்கும் தொடர்பில்லை. பஞ்சு போன்ற வெண்மைக்காக வந்த பெயர் என்பார்கள்.

பெயரில் கோரமண்டல் இருந்தாலும் வீடு இங்கே மட்டும் இல்லை. இந்தியா, இலங்கை தொடங்கி தென்கிழக்கு ஆசியா, தென்சீனா, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து வரை உண்டு. எங்கே இருந்தாலும் அதற்கு வேண்டியவை இரண்டு: அல்லியும் பாசியும் படர்ந்த நன்னீர், பக்கத்தில் பொந்துள்ள முதிய மரம். ஆமாம், இந்த வாத்து தரையில் கூடு கட்டுவதில்லை, மரப்பொந்தில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் அங்கிருந்து குதித்துத்தான் தண்ணீருக்கு வர வேண்டும்.

இந்த இரண்டையும் நம் பகுதியில் சேர்த்துக் கொடுத்தவை ஏரிகள். முதல் பராந்தகனின் பட்டப்பெயரால் வீரநாராயணன் ஏரி என அழைக்கப்பட்ட வீராணம் 10ஆம் நூற்றாண்டுச் சோழர் பணி. சோழர் பெயரைச் சுமக்கும் பறவைக்குச் சோழர் பாணி ஏரிகளே வீடு. வெட்டியவர்கள் பாசனத்துக்குத்தான் வெட்டினார்கள்; பறவைக்கும் அது வாய்த்தது.

உலக அளவில் இது அழியும் பட்டியலில் இல்லை. ஆனால் ஏரியைச் சீரமைக்கிறோம் என்று அல்லி, பாசி எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வழித்தெடுத்து, கரையில் நிற்கும் பொந்து மரத்தைப் 'பட்ட மரம்' என்று வெட்டிப் போட்டால், தண்ணீர் இருக்கும், குள்ளத்தாரா இருக்காது. தூர் வாரணும், அதில் சந்தேகமே இல்லை. ஒரு மூலையில் கொஞ்சம் அல்லியையும், கரையில் நாலு பழைய மரங்களையும் விட்டுவைத்தால் போதும்.

அந்தப் பெரியவர் கடைசியாகக் கேட்டது: "அப்ப இது நம்ம ஊர்ப் பறவைதானா?" பெயரிலேயே இருக்குதுங்க ஐயா என்றேன்.