மஞ்சள் சட்டையும் சம்பளக் கணக்கும்

2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றத்தில் ஒரு வித்தியாசமான கோரிக்கை எழுந்தது. தர்மபுரி பா.ம.க. உறுப்பினர் எஸ்.பி.வெங்கடேஸ்வரன் எழுந்து, சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைத் தடை செய்ய வேண்டும் என்றார். காரணம்? தமிழ்நாட்டு அணி என்று சொல்லிக்கொண்டு வியாபாரம் செய்கிறார்கள், ஆனால் அணியில் தமிழக வீரர்களுக்கு இடம் இல்லை என்பதுதான்.

இணையத்தில் பலர் கேலி செய்தார்கள். அடுத்த ஏழு வாரத்தில் அதே அணி ஐந்தாவது முறையாகக் கோப்பையையும் வென்றுவிட்டது. ஜெயித்த பிறகு யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

ஆனால் திருவண்ணாமலை மாதிரி ஒரு ஊரில், 2008-ல் பள்ளிச் சீருடையோடு டி.வி. முன்னால் உட்கார்ந்து, அன்று முதல் மஞ்சள் கட்சியாகவே இருந்துவிட்ட ரசிகனுக்கு அது சிரிப்பு வரவழைக்கும் கேள்வி இல்லை. சேப்பாக்கம் இங்கிருந்து கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் கோவை, திண்டுக்கல், நெல்லை, சேலம் எல்லாவற்றுக்கும் அணி உண்டு, திருவண்ணாமலைக்குக் கிடையாது. ஆக, "நம்ம டீம்" என்று சொல்லிக்கொள்ள இருப்பது சென்னை ஒன்றுதான். அந்த "நம்ம" என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? அணி யாரை எவ்வளவுக்கு வாங்கியது, யாரை விட்டது என்ற கணக்கைப் பார்த்தால் ஓரளவு புரியும்.

ஆரம்பம்: ஐகான் இல்லாத அதிர்ஷ்டம்

2008 ஜனவரியில் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் சென்னை அணியை 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. எட்டு அணிகளில் மும்பைதான் விலை அதிகம் (11 கோடியே 19 லட்சம்), ஜெய்ப்பூர் குறைவு (6 கோடியே 70 லட்சம்). முதல் கோப்பையை வென்றது அந்தக் குறைந்த விலை ஜெய்ப்பூர்தான், அதுவும் இறுதிப் போட்டியில் சென்னையைத் தோற்கடித்து!

2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் வீரர்கள் ஏலம். ஒவ்வொரு அணியும் 50 லட்சம் டாலருக்கு மேல் செலவழிக்கக் கூடாது. சச்சின், கங்குலி, டிராவிட், யுவராஜ், சேவாக் ஆகியோர் தங்கள் சொந்த ஊர் அணிகளுக்கு "ஐகான்" வீரர்கள். அணியில் அதிகம் வாங்குபவரை விட ஐகானுக்கு 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி.

சென்னைக்கு ஐகான் கிடையாது. அன்றைக்கு இது குறையாகத் தெரிந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மும்பை 15 லட்சம் டாலருக்கு தோனியை எடுத்திருந்தால் சச்சினுக்கு 17 லட்சத்து 25 ஆயிரம் கொடுத்திருக்க வேண்டும். இரண்டே பேருக்கு 32 லட்சத்துக்கு மேல் போயிருக்கும், மீதி 18 லட்சத்துக்குள் முழு அணி! சென்னைக்கு அந்தத் தலைவலி இல்லை. 15 லட்சம் டாலருக்கு தோனி சென்னைக்கு வந்தார். அந்த ஏலத்திலேயே அதிக விலை அதுதான். ராஞ்சிக்காரர் ஒருவர் சென்னையின் முகமானது இந்த விதியின் புண்ணியத்தில்.

உள்ளூர் பையன்களின் காலம்

அப்போது இன்னொரு விதியும் இருந்தது. ஒவ்வொரு அணியும் தன் மண்டலத்தைச் சேர்ந்த வீரர்கள் சிலரைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். இந்திய அணிக்கு ஆடாத வீரர்கள் ஏலத்துக்கே வர மாட்டார்கள், அணிகள் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இதனால் பத்ரிநாத், அஸ்வின், முரளி விஜய், அனிருதா ஸ்ரீகாந்த், வித்யுத் சிவராமகிருஷ்ணன், பழனி அமர்நாத் என்று ஒரு பட்டாளமே மஞ்சள் சட்டை போட்டது. ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக் 2008 மே 10 அன்று சேப்பாக்கத்தில் பாலாஜி எடுத்தது.

பலன் என்ன? 2010 ஏப்ரலில் ராஜஸ்தானுக்கு எதிராக முரளி விஜய் 56 பந்தில் 127. 2011 மே 28 இறுதிப் போட்டியில் அதே விஜய் 52 பந்தில் 95. பிறகு முதல் ஓவரை அஸ்வின் கையில் கொடுத்தார் தோனி. அந்த வருடம் எல்லோரையும் துவம்சம் செய்த கெய்ல், நான்காவது பந்தில் பூஜ்ஜியத்துக்கு அவுட்! சென்னை 58 ரன்னில் ஜெயித்தது.

நிர்வாகமும் அந்த நேரத்தில் கணக்கைச் சரியாகவே போட்டது. 2011 ஏலத்துக்கு முன் தோனி, ரெய்னா, மார்கலோடு விஜயையும் தக்க வைத்தார்கள். அஸ்வினை 8.5 லட்சம் டாலருக்கும், பத்ரிநாத்தை 8 லட்சம் டாலருக்கும் திரும்ப வாங்கினார்கள். சொந்த ஊர் பையன்களுக்குச் சந்தை விலை கொடுத்து அணி வைத்துக்கொண்ட காலம் அது. ரசிகன் இன்றைக்கும் பெருமூச்சு விடுவது இந்த அணியை நினைத்துத்தான்.

எங்கே மாறியது?

2014-ல். அந்த ஆண்டு முதல் இந்திய அணிக்கு ஆடாதவர்களும் ஏலத்துக்கு வந்தார்கள். மண்டல விதியும் பின்னாளில் காணாமல் போனது. அதாவது, சேலத்தில் ஒரு நல்ல பந்து வீச்சாளர் கிடைத்தால் அவரை முதலில் கூப்பிட்டுப் பேசும் வசதி சென்னைக்குப் போய்விட்டது. யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்கு.

அதே 2014-ல் சென்னை ஐந்து பேரைத் தக்க வைத்தது: தோனி, ரெய்னா, அஸ்வின், ஜடேஜா, பிராவோ. மொத்தம் உள்ள 60 கோடியில் 39 கோடி இந்த ஐவருக்கே போய்விட்டது. விஜய் 5 கோடிக்கு டெல்லி போனார்.

அடுத்து 2015 ஜூலையில் லோதா கமிட்டியின் இரண்டு ஆண்டு தடை. சூதாட்ட விவகாரத்தின் விலை. சென்னை களத்திலேயே இல்லாத 2017-ல்தான் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது.

2018-ல் திரும்பி வந்தபோது தோனி (15 கோடி), ரெய்னா (11 கோடி), ஜடேஜா (7 கோடி) என மூவரைத் தக்க வைத்தார்கள். இங்கேதான் அஸ்வின் மாட்டிக்கொண்டார். ஏலத்தில் பிறர் கேட்ட விலையைக் கொடுத்துப் பழைய வீரரைத் திரும்ப எடுக்கும் ஆர்.டி.எம். உரிமை இருந்தது உண்மை. ஆனால் தக்கவைப்பும் ஆர்.டி.எம்.மும் சேர்த்து இந்திய அணிக்கு ஆடியவர்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது. மூன்றும் ஏற்கனவே தீர்ந்துவிட்டது. அஸ்வின் 7.6 கோடிக்கு பஞ்சாப் போனார். மூவரில் ஒருவராக அஸ்வினை வைத்திருக்கக் கூடாதா என்பது ரசிகனின் ஆறாத கேள்வி. ஆனால் 4 கோடி வாட்சனும் 2.2 கோடி ராயுடுவும் அந்த ஆண்டே கோப்பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டதால் கேள்வி அமுங்கிப்போனது.

அந்த ஆண்டு நடந்த இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காவிரிப் போராட்டத்தால் சென்னையில் ஒரே ஒரு ஆட்டம்தான் நடந்தது, மற்ற உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகர்கள் ரயிலேறி புனே வரை போய் விசில் அடித்தார்கள்! வணிகவியல் புத்தகத்தில் இதற்கு "நற்பெயர்" என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத சொத்து. கட்டிடம், இயந்திரம் மாதிரி தொட்டுப் பார்க்க முடியாது, ஆனால் வியாபாரமே அதன் மேல்தான் நிற்கும்.

20 லட்சம் என்ற எண்

பெரிய விலை கொடுத்த வீரர்கள் சென்னைக்கு எப்படி இருந்தார்கள் என்று பாருங்கள்.

2009: பிளின்டாஃப், 15.5 லட்சம் டாலர். ஆடியது 3 ஆட்டம்.
2021: கிருஷ்ணப்பா கௌதம், 9.25 கோடி. அந்த ஆண்டு ஒரு ஆட்டம் கூட ஆடவில்லை.
2022: தீபக் சாஹர், 14 கோடி. காயம், அந்த ஆண்டு ஆடவே இல்லை.
2023: பென் ஸ்டோக்ஸ், 16.25 கோடி. 2 ஆட்டம்.

காயத்துக்கு யாரும் பொறுப்பில்லை, அது சரி. ஆனால் இதே காலத்தில் 20 லட்சத்துக்கு வாங்கிய ருதுராஜ் கெய்க்வாட் 2021-ல் 635 ரன் எடுத்தார், கோப்பை வந்தது. 50 லட்சத்துக்கு வாங்கிய ரஹானே 2023-ல் 326 ரன் எடுத்தார், கோப்பை வந்தது. சென்னை அணியின் உண்மையான திறமை ஏலத்தில் கை தூக்குவதில் இல்லை. சின்ன விலை வீரரை நம்பி, பொறுத்திருந்து, வாய்ப்பு கொடுப்பதில்தான் இருக்கிறது.

பிரச்சினை, அந்தப் பொறுமை தமிழக வீரர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான். சாய் கிஷோரையும் அதே 20 லட்சத்துக்குத்தான் வாங்கினார்கள். 2020, 2021 இரண்டு ஆண்டும் ஒரு ஆட்டம் கூட கிடைக்கவில்லை. 2022-ல் குஜராத் 3 கோடிக்குக் கொண்டுபோனது. ஜெகதீசன் கதை இன்னும் மோசம். 2022 நவம்பர் 15-க்குள் வீரர்களை விடுவிக்க வேண்டும், சென்னை அவரை விடுவித்தது. ஒரு வாரம் கூட ஆகவில்லை. நவம்பர் 21 அன்று விஜய் ஹசாரே கோப்பையில் அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277! தொடர்ச்சியாக ஐந்தாவது சதம். (எதிரணி பலம் குறைந்தது என்று சொல்லலாம். மற்ற நான்கு சதங்களுக்கும் அப்படிச் சொல்ல முடியுமா?)

அன்று மறுமுனையில் நின்று 154 அடித்து, முதல் விக்கெட்டுக்கு 416 ரன் சேர்த்த இன்னொரு பையன் சாய் சுதர்சன். சென்னையில் வளர்ந்தவர். 2022 ஏலத்தில் அடிப்படை விலையான 20 லட்சத்துக்கே குஜராத் அவரை எடுத்துக்கொண்டது, போட்டிக்குக் கேட்க ஆளில்லை. 2023 பிப்ரவரியில் நடந்த தமிழ்நாடு பிரீமியர் லீக் ஏலத்தில் கோவை அணி அவருக்கு 21.6 லட்சம் கொடுத்தது. அதாவது ஐ.பி.எல். சம்பளத்தை விட உள்ளூர் லீக் சம்பளம் அதிகம்!

2022-ல் ஒரு அணியின் மொத்தத் தொகை 90 கோடி. அதில் 20 லட்சம் என்பது நூறு ரூபாயில் 22 காசு. ஸ்டோக்ஸ் ஒருவரின் விலையில் இப்படி 81 பேரை வாங்கலாம்.

ஆள் இல்லையா என்றால், இருந்தார்கள். 2021 ஜனவரியிலும் நவம்பரிலும் நடந்த சையது முஷ்டாக் அலி 20 ஓவர் கோப்பை இரண்டையும் தமிழ்நாடுதான் வென்றது. இரண்டாவது இறுதிப் போட்டியில் கடைசிப் பந்தில் ஷாருக்கான் அடித்த சிக்சரை மறக்க முடியுமா? நாட்டிலேயே சிறந்த 20 ஓவர் மாநில அணி பக்கத்திலேயே இருந்தது. ஆனால் 2023 இறுதிப் போட்டியில் மஞ்சள் சட்டையில் ஒரு தமிழக வீரர் கூட இல்லை.

அந்த இரவு அகமதாபாத்தில் சாய் சுதர்சன் 47 பந்தில் 96 அடித்தார், சென்னைக்கு எதிராக. கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா 6, 4 அடித்து ஜெயித்துக் கொடுத்தார். ரசிகன் துள்ளிக் குதித்தான், சந்தேகமே இல்லை. ஆனால் 96-ல் அந்தப் பையன் அவுட் ஆனபோது கை தட்டுவதா, ஐயோ பாவம் என்பதா என்று ஒரு நிமிடம் குழம்பியதும் உண்மை.

மறுபக்கமும் இருக்கிறது

நியாயமாகப் பேசினால், உள்ளூர் வீரர் என்பது வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை. ஸ்பெயினில் அத்லெடிக் பில்பாவோ என்ற கால்பந்து அணி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக பாஸ்க் பகுதியோடு தொடர்புள்ள வீரர்களை மட்டுமே எடுக்கிறது. முதல் பிரிவிலிருந்து ஒருமுறை கூட இறங்கியதில்லை. ஆனால் 1984-க்குப் பிறகு லீக் பட்டமும் வென்றதில்லை. பெருமைக்கு அவர்கள் கொடுக்கும் விலை அது.

2025-ல் சென்னையே இதைப் பார்த்துவிட்டது. அஸ்வின் 9.75 கோடிக்குத் திரும்பினார். விஜய் சங்கர், குர்ஜப்னீத் சிங், ஆண்ட்ரே சித்தார்த் என தமிழக வீரர்கள் வந்தார்கள். அணி முதல் முறையாகக் கடைசி இடம்! 31 வயதில் விட்ட அஸ்வினை 38 வயதில் அதிக விலைக்கு வாங்கினால் வேறென்ன நடக்கும்? அந்த ஆகஸ்டில் அவர் ஐ.பி.எல்.லுக்கு விடை சொன்னார். அதே 2025-ல் 759 ரன்னோடு ஆரஞ்சு தொப்பி வாங்கியவர் சாய் சுதர்சன். ஊர் தவறில்லை, நேரம்தான் தவறு.

பிறகு 2025 நவம்பரில் ஜடேஜாவையே ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். டிசம்பர் ஏலத்தில் உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர், ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தலா 14.20 கோடி. இந்தியாவுக்கு ஆடாத வீரர்களுக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. இளைஞர்களை நம்பும் முடிவு நல்ல முடிவுதான். அந்த நம்பிக்கை திருவல்லிக்கேணிக்கும் சேலத்துக்கும் 20 லட்சம் விலையில் கிடைத்த காலத்தில் வரவில்லையே என்பதுதான் வருத்தம்.

ரசிகன் கேட்பது இட ஒதுக்கீடு இல்லை. பதினொரு பேரும் தமிழராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தோனியை "தல" என்று கூப்பிட்டவர்களுக்கு அந்தப் பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். 25 பேர் பட்டியலில் கடைசி இரண்டு மூன்று இடம், கெய்க்வாடுக்குக் காட்டிய அதே பொறுமை, அவ்வளவுதான் கேட்பது.

2021 அக்டோபரில் லக்னோ அணி 7,090 கோடிக்கு விலை போனது. லக்னோ அப்போது ஒரு பந்து கூட வீசியிருக்கவில்லை. அப்படியென்றால் பதிமூன்று ஆண்டு ரசிகர் கூட்டத்தோடு இருந்த சென்னையின் மதிப்பு என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த மதிப்பில் ஒரு பங்கு, திருவண்ணாமலையில் டி.வி. முன்னால் உட்கார்ந்து விசில் அடித்தவனுடையது. அவன் பெயர் எந்த ஏலப் பட்டியலிலும் வராது. அவனைத் தக்கவைக்க அணி இதுவரை ஒரு ரூபாய் கூட செலவழிக்க வேண்டியிருந்ததில்லை. நூறு ரூபாயில் 22 காசு செலவழித்தால் தப்பில்லை.