ஒலிபெருக்கியும் செவியின் தீர்ப்பும்

ஒலிபெருக்கியோ ஹெட்போனோ வாங்கச் சென்றால், பெட்டியின்மீது ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று அச்சிட்டிருப்பதைக் காண்பீர்கள். ஹெர்ட்ஸ் என்பது ஒரு வினாடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை. இளஞ்செவிக்கு எட்டும் எல்லையும் ஏறக்குறைய அதுவே. ஆகவே அக்கருவி குறைவற்றது என்று கொள்ளலாமா? இதற்கு வரலாறு விடை கூறும்.

தொலைபேசி வளர்ந்த நாளில் பேச்சு விளங்கினாலே போதும் என்றிருந்தது. அதற்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதுமானதாயிற்று. இசைக்கோ அது போதாது. 1925ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களாகிய ரைஸ், கெலாக் இருவரும் கம்பிச் சுருளின் அசைவினால் கூம்பை இயக்கும் ஒலிபெருக்கியை விளக்கி வெளியிட்டனர். இன்றைய ஒலிபெருக்கிகளிற் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே.

1933 ஏப்ரல் 27 அன்று, பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவை வாஷிங்டன் நகர மண்டபமொன்றில் இருந்தோர் கேட்டனர். பெல் ஆய்வுக்கூடத்தார் 40 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைக் கம்பி வழியே கடத்தினர். அக்கூடத்தைச் சார்ந்த பிளெச்சரும் மன்சனும் அதே ஆண்டில் மற்றோர் உண்மையை வெளியிட்டனர்: ஒலி மெலிந்திருக்கும்போது, தாழ்ந்த சுரங்கள் நம் செவிக்கு மிகவும் குறைந்தே கேட்கின்றன. கடையில் உரக்க ஒலிக்கும் கருவி நிறைவாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே, எல்லையைக் காட்டும் இரண்டு எண்கள் மட்டும் போதா. அவ்வெல்லைக்குள் ஒலி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதே முக்கியம். ஓரிடத்தில் 10 டெசிபல் தாழ்ந்தால், அங்கே ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகி விடும். ‘கூடுதல் குறைவு 3 டெசிபலுக்குள்’ என்பது போன்ற குறிப்பு இல்லாத எண்ணுக்குப் பொருள் சிறிதே.

1980களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பிளாய்ட் டூல் என்பவர், ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னே மறைத்து வைத்துச் சோதித்தார். பெயரும் விலையும் அறியாது கேட்டவர்கள், ஏற்றத்தாழ்வின்றிச் சீராக ஒலித்தவற்றையே பெரிதும் விரும்பினர். ஹெட்போனுக்கு அறையின் துணை இல்லை. ஆதலால் அதன் அளவுகோல் சற்று வேறு. நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கியைக் கேட்பது போன்ற ஒலியையே பலர் விரும்புவதை, 2010களில் ஷான் ஆலிவ் குழுவினர் கண்டறிந்தனர்.

ஆகவே மாணவர்களே, பெற்றோர் உழைத்துத் தந்த பொருளைச் செலவிடுமுன் கருவியின் அளவு வரைபடத்தைப் பாருங்கள். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது, இரண்டையும் ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்து கேளுங்கள். பின்னர் உங்கள் செவியே தீர்ப்புக் கூறட்டும்.