பிள்ளையைத் திருத்தும் வழியும் பெற்றோர் நாடிய நிபுணரும்: ஐக்கிய அமெரிக்க வரலாறு

பிள்ளையை அதட்டுவதா, அணைப்பதா, அடிப்பதா என்ற வினாவுக்கு விடை கூறும் உரிமை நெடுங்காலமாக வீட்டு முதியோரிடமும் மதகுருமாரிடமுமே இருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் அவ்வுரிமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வைத்தியரிடம் கைமாறத் தொடங்கிற்று. குழந்தை மரணம் மலிந்திருந்த காலம் அது. பாலூட்டும் முறைபற்றி வைத்தியரிடம் கேட்டறிந்த தாய்மார், பிள்ளையின் பிடிவாதம் பற்றியும் அவரிடமே வினவத் தலைப்பட்டமை வியப்பன்று.

1894 ஆம் ஆண்டில் நியூயோர்க் வைத்தியர் லூதர் எமெற் ஹோல்ற் வெளியிட்ட சிறுநூல் வினாவிடையாக அமைந்தது. தாதியரைப் பயிற்றுவதற்கென எழுந்த அந்நூல் விரைவில் தாய்மாரின் கைந்நூலாயிற்று. பழக்கத்தால் அழும் குழந்தையை அழுது ஓயவிடவேண்டும் என்பது அதன் போதனை. 1912 இல் மத்திய அரசாங்கம் சிறுவர் பணியகத்தை நிறுவியது. அப்பணியகம் 1914 இல் வெளியிட்ட குழந்தைப் பராமரிப்புக் கைந்நூலை எழுதிய மேரி மில்ஸ் வெஸ்ற், ஐந்து பிள்ளைகளின் தாய். ஆயினும் குழந்தையோடு விளையாடுதல் தீங்கு என்ற வைத்தியர் கருத்தையே அவரும் எடுத்துரைத்தார். பணியகத்துக்குத் தாய்மார் எழுதிய கடிதங்கள் குவிந்தன. அரசாங்கத்தை இவ்வளவு அந்தரங்கமாக நம்பிய மக்களைப் பிறிதோரிடத்திற் காண்பது அரிது.

வைத்தியரை அடுத்து வந்தவர் உளவியலாளர். நடத்தைவாதத்தின் முதல்வரான ஜோன் வொற்சன், பல்கலைக்கழகப் பதவியை 1920 இல் இழந்து விளம்பரத் தொழிலிற் புகுந்தவர். 1928 இல் அவர் வெளியிட்ட நூல், பிள்ளைகளை அணைத்து முத்தமிடலாகாது, காலையிற் கைகுலுக்கினாற் போதும் என்றது. சந்தேகத்துக்கு இடமே வைக்காத அக்குரல்தான் பெற்றோரைக் கவர்ந்தது போலும். அந்நூலாக்கத்தில் அவருக்குத் துணைநின்ற மனைவி றொசாலி றேனர், 1930 இல் பெற்றோருக்கான சஞ்சிகையொன்றில் தம் புதல்வரைப் பற்றி எழுதினார். கணவரின் விஞ்ஞானத்துக்கு ஓரளவு தலைவணங்குவதாகவும், அன்பு விடயத்தில் மட்டும் பிள்ளைகள் சற்றுப் பலவீனராக வளர்வதையே உள்ளூர விரும்புவதாகவும் அவர் ஒப்புக்கொண்டமை குறிப்பிடத்தக்கது. நிபுணரின் வீட்டினுள்ளேயே அவ்வறிவுரை முழுமையாக ஏற்கப்படவில்லை.

1946 இல் வெளிவந்த பெஞ்சமின் ஸ்பொக்கின் நூல் இருபத்தைந்து சதத்துக்கு விற்பனையாயிற்று. உளப்பகுப்பாய்விற் பயிற்சிபெற்ற அக்குழந்தை வைத்தியர், தாய்மார் தம்மையே நம்பவேண்டும் என்றார். அதனைக் கூறவும் ஒரு வைத்தியர் தேவைப்பட்டமை விந்தையே! அரசாங்கக் கைந்நூலின் பதிப்புகளை ஒப்புநோக்கிய மார்த்தா வொல்ஃபென்ஸ்ரைன், 1914 இல் ஆபத்தாகக் கருதப்பட்ட விளையாட்டு 1940களில் பெற்றோரின் கடமையாகவே மாறியிருந்தமையை 1951 இல் எடுத்துக்காட்டினார். குழந்தைகள் மாறவில்லை, அவர்களை நோக்கிய கண்களே மாறின. முதற் பதிப்பில் அடித்தலை முற்றாக விலக்காத ஸ்பொக்கும் பிற்காலத்தில் அதனை எதிர்த்தார். வியற்நாம் போரை எதிர்த்த இளைஞரின் கலகத்துக்கு அவர் நூலின் தளர்ந்த போதனையே காரணம் எனப் பழிசுமத்தியோரும் உளர். அவரும் அப்போரை வெளிப்படையாக எதிர்த்தவராதலின், அப்பழியில் அரசியல் கலந்திருந்தது தெளிவு.

அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம், அடித்தலுக்குப் பதிலாக வேறு முறைகளைப் பெற்றோர் கைக்கொள்ள ஊக்குவிக்கும்படி 1998 இல் வைத்தியருக்கு அறிவுறுத்தியது. 2018 இல் அடித்தலையும் இழிவுபடுத்தும் சொற்களையும் வெளிப்படையாகக் கண்டித்தது. அவ்வாண்டிலும் அந்நாட்டின் பல மாநிலங்களில், பாடசாலை மாணவரை மரப்பலகையால் அடித்தல் சட்டத்துக்கு முரணானதாக இருக்கவில்லை.