தண்டனை திறந்த கதவு: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வீரர்களின் இடமாற்றம், 1987–2024

ஒரு கல்லூரி அணி விதிமீறலுக்காகத் தண்டிக்கப்படுகிறது. அதன் வீரர்கள் சிலர் வேறு கல்லூரிக்குப் போகிறார்கள், பலர் அங்கேயே இருந்துவிடுகிறார்கள். குளம் வற்றினால் பறவை பறந்துவிடும் என்பது நமக்குப் பழகிய விளக்கம். ஆனால் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் வரலாற்றில் குளம் வற்றியும் பறக்காத பறவைகளே அதிகம். பறந்தவையும் ஒரே காரணத்துக்காகப் பறக்கவில்லை. வெளியேறும் உரிமை யாருக்கு, எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பதே தண்டனையின் கடுமையைவிட அதிகமாக வீரர்களின் போக்கைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம். தண்டனைக் காலத்துச் சலுகையாக நுழைந்த அந்த உரிமை, நாற்பதாண்டுக்குள் எல்லா வீரர்களுக்கும் உரியதாகிவிட்டது.

இங்கே கால்பந்து என்பது நம் ஊர்த் திடல்களில் உதைத்தாடும் ஆட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. செப்டம்பரில் தொடங்கி நவம்பர் முடிய வாரம் ஒரு போட்டி நடக்கும். நன்றாக ஆடிய அணிகளை டிசம்பர், ஜனவரியில் ‘பவுல்’ எனப்படும் சிறப்புப் போட்டிகளுக்கு அழைப்பார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்க்கும் அந்தப் போட்டிகள் வீரர்களுக்குப் பெரிய மேடை. 1906இல் தோன்றிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் (என்.சி.ஏ.ஏ.) இதையெல்லாம் ஆள்கிறது.

அந்தச் சங்கத்தின் விதிகளில் இரண்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பிற்காலக் கதை விளங்கும். ஒரு மாணவருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடவே அனுமதி இருந்தது. கல்லூரி மாறினால் புதிய இடத்தில் ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. இருபது வயதுக்காரனுக்கு அந்த ஓராண்டு மிகப் பெரிய விலை. 1973 முதல், வீரர்களுக்குக் கல்லூரி தரும் உதவித்தொகை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒன்றாக மாறியது. கல்லூரி விரும்பினால் அடுத்த ஆண்டு அதை நிறுத்த முடிந்தது. பயிற்சியாளர் எந்த டிசம்பரிலும் இன்னொரு கல்லூரிக்குப் போய் மறுநாளே வேலை தொடங்கலாம். வீரர் மட்டும்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த ஏற்றத்தாழ்வை இத்துறையின் அடிப்படை அநீதியாகவே நான் கருதுகிறேன். தண்டனைக் காலங்களில்தான் இது வெட்டவெளிச்சமாயிற்று.

1987 பிப்ரவரி 25 அன்று டெக்சாஸ் மாநிலம் டல்லஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு விதிக்கப்பட்டதைப் பத்திரிகைகள் ‘மரண தண்டனை’ என்றே எழுதின. 1981 முதல் 1984 வரை 41 வெற்றி, 5 தோல்வி, 1 சமன் என்று ஆடிய அணி அது. பணக்காரப் புரவலர் ஒருவரின் பணத்திலிருந்து 13 வீரர்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 61,000 டாலர் மாதத் தவணைகளாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அதுவும் 1985இல் ஒருமுறை தண்டிக்கப்பட்ட பிறகு. பல்கலைக்கழக ஆளுநர் குழுவின் தலைவராக இருந்து பின்னர் மாநில ஆளுநரான பில் கிளெமென்ட்ஸ், கொடுப்பனவைத் தொடரும் முடிவு குழுவுக்குத் தெரிந்தே எடுக்கப்பட்டது என்று அடுத்த மாதமே ஒப்புக்கொண்டார். 1987 பருவம் முழுவதும் ரத்து. 1988இல் வெளியூர்ப் போட்டிகள் மட்டும் ஆடலாம் என்று சங்கம் விட்டுவைத்திருந்தது. அந்தப் பருவத்தைப் பல்கலைக்கழகமே கைவிட்டது.

ஆட அணியே இல்லாதபோது வீரர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஓராண்டு விதி அவர்களுக்குத் தளர்த்தப்பட்டது. செய்தி வெளியான சில நாள்களுக்குள் பிற கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் விமானமேறி டல்லஸ் வந்து, வளாகத்திலேயே வீரர்களைச் சந்தித்துப் பேரம் பேசினார்கள். உதவித்தொகை பெற்ற வீரர்களில் பெரும்பாலோர் போய்விட்டனர். அவர்கள் ஏன் போனார்கள் என்று ஆராய ஏதுமில்லை. ஆடத் திடல் இல்லை, போனார்கள்.

எஞ்சியது என்ன என்பதுதான் பின்னாளில் எல்லாரையும் அச்சுறுத்தியது. 1989இல் பாரஸ்ட் கிரெக் பயிற்சியில் மீண்டும் களமிறங்கிய அணியில் பெரும்பாலும் முதலாண்டு மாணவர்கள். ஹூஸ்டனிடம் 95க்கு 21 என்று தோற்றார்கள். 1989க்கும் 2008க்கும் இடையில் தோல்வியைவிட வெற்றி அதிகமாகப் பெற்ற ஆண்டு ஒன்றே ஒன்று, 1997. 1984க்குப் பிறகு அடுத்த பவுல் போட்டிக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெரிய கால்பந்து அணி ஒன்றுக்குச் சங்கம் இந்தத் தண்டனையை மீண்டும் விதிக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பவுல் தடை, உதவித்தொகைக் குறைப்பு, கண்காணிப்புக் காலம் ஆகியவை வழக்கமாயின.

இவ்வகைத் தண்டனையில் திடல் இருக்கும், போட்டியும் இருக்கும்; பருவத்தின் முடிவில் கிடைக்கும் பரிசு மட்டும் இருக்காது. அதனால் வெளியேறும் சலுகையும் சுருங்கியது. ஒரு வீரருக்கு மீதமுள்ள ஆட்டக்காலம் முழுவதையும் தடை விழுங்கிவிடுமானால் அவர் காத்திருக்காமல் மாறலாம். 2002 பிப்ரவரியில் அலபாமாவுக்கு இரண்டாண்டு பவுல் தடை விழுந்தபோது அணி பெரும்பாலும் கலையாமல் நின்றது. அந்தப் பருவத்தில் பத்துப் போட்டிகளில் வென்றது. வெளியேறியவர் பயிற்சியாளர் டென்னிஸ் பிரான்கியோனி. பருவம் முடிந்ததும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அவரை அழைத்துக்கொண்டது. அவரை யாரும் ஓராண்டு உட்காரச் சொல்லவில்லை.

2010 ஜூன் 10 அன்று சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யு.எஸ்.சி.) முறை வந்தது. அதன் ரன்னிங்பேக் (பந்தோடு ஓடும் வீரர்) ரெஜி புஷ்ஷும் அவர் குடும்பத்தினரும் முகவர் தொழிலில் நுழைய விரும்பியவர்களிடம் பணமும் வசதிகளும் பெற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. இரண்டாண்டு பவுல் தடை; மூன்றாண்டுகளில் 30 உதவித்தொகைகள் பறிப்பு. தீர்ப்பு வந்தபோது புஷ் நியூ ஆர்லியன்ஸ் தொழில்முறை அணிக்காக, தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் கோப்பையையே வென்றிருந்தார். பயிற்சியாளர் பீட் கேரல் அந்த ஜனவரியில் சியாட்டில் தொழில்முறை அணிக்குப் போயிருந்தார். தண்டனையைச் சுமந்த மூத்த மாணவர்கள் பெரும்பாலோர், புஷ் வளாகத்தைவிட்டுப் போன பிறகு சேர்ந்தவர்கள்.

மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் கதவு திறந்தது. தற்காப்பு வீரர் மாலிக் ஜாக்சன் டென்னசிக்குப் போனார். டி.ஜே. ஷூமேட் கனெக்டிகட்டுக்குப் போனார். இன்னும் சிலரும் போனார்கள். ஆனால் வெளியேறத் தகுதி பெற்றவர்களில் பெரும்பாலோர் இருந்துவிட்டனர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மாட் பார்க்லியைப் போன்ற இளையவர்களுக்கு அந்தக் கதவே திறக்கவில்லை. 2011இல் பவுல் இல்லாமலேயே அணி 12 போட்டிகளில் பத்தில் வென்றது. ஜாக்சன் பின்னாளில் டென்வர் அணிக்காக 50ஆம் சூப்பர் பவுலில் ஆறு புள்ளி தரும் டச்டவுன் ஒன்று போட்டார். இடம் மாறியதால் அவர் எதிர்காலம் கெட்டுவிடவில்லை.

இவ்வரலாற்றில் மிகத் தெளிவான சான்று பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம், சுருக்கமாகப் பென் ஸ்டேட். அதன் முன்னாள் துணைப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி, சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கிய வழக்கில் 2012 ஜூன் 22 அன்று 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அந்தச் சிறுவர்கள் பட்ட துயரத்தின் முன் விளையாட்டுத் தண்டனை எதுவும் பெரிதல்ல. இதை மறந்துவிட்டு இந்த இடமாற்றங்களைப் பேசக் கூடாது. ஜூலை 23 அன்று சங்கத் தலைவர் மார்க் எம்மர்ட் தண்டனையை அறிவித்தார்: 6 கோடி டாலர் அபராதம், நான்காண்டு பவுல் தடை, ஆண்டுக்கு 25 புதிய உதவித்தொகைகளுக்குப் பதில் 15, மொத்தத்தில் 85க்குப் பதில் 65. கூடவே பரந்த ஒரு சலுகை. எந்த ஆண்டு மாணவரானாலும், ஒருவர் விடாமல் எல்லாரும், காத்திருக்காமல் வேறு கல்லூரிக்குப் போகலாம். ஆடாமல் உதவித்தொகையில் படிப்பைத் தொடர விரும்பினாலும் சரி. 1998இல் சாண்டஸ்கி குறித்த முதல் போலீஸ் விசாரணை நடந்தபோது அவ்வணியின் முதலாண்டு மாணவர்கள் நான்கு வயதுப் பிள்ளைகள்.

பயிற்சி முகாம் தொடங்க இரண்டே வாரங்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணைப் பயிற்சியாளர்கள் பென் ஸ்டேட் இருக்கும் ஸ்டேட் காலேஜ் ஊருக்கே வந்து காத்திருந்தனர். தலைமைப் பயிற்சியாளர் டிம் பெக்மன் அதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஜூலை 25 அன்று மைக்கேல் மௌட்டி, மைக்கேல் ஜோர்டிச் இருவரும் முப்பது பேர் அளவிலான சக வீரர்களோடு ஊடகங்கள் முன் நின்று, தாங்கள் போகப்போவதில்லை என்று அறிவித்தனர். இருவரின் தந்தையரும் அதே அணியில் ஆடியவர்கள். தந்தை ஆடிய அதே திடல் என்ற பற்று, எந்த விதிப்புத்தகத்திலும் கணக்கில் வராத காரணம்.

நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்த அணியிலிருந்து அந்தப் பருவத்துக்கு முன் போனவர்கள் ஒன்பது பேர். அவர்களில் சிலரின் காரணங்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். முந்திய ஆண்டு 1,241 யார்டு ஓடிய ரன்னிங்பேக் சைலஸ் ரெட், யு.எஸ்.சி.க்குப் போனார். அது அப்போதுதான் தன் பவுல் தடையை முடித்து, நாட்டின் முதலிடத்துக்குக் கணிக்கப்பட்டிருந்தது. தடை காரணமாகப் போனவர் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கவர் இவர். ஜஸ்டின் பிரவுனுக்கு ஒரே ஒரு பருவம் மிச்சம், ஓக்லஹோமாவுக்குப் போனார். பந்தை உதைக்கும் ஆண்டனி ஃபெரா டெக்சாஸ்காரர்; சொந்த மாநிலத்தில், குடும்பத்துக்கு அருகே, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். குவார்ட்டர்பேக் ராப் போல்டன் 2011 ஜனவரியிலேயே வெளியேறக் கேட்டவர். அன்றைய பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ அனுமதிக்கவில்லை. 2012இல் புதிய பயிற்சியாளர் பில் ஓ’பிரையன் அவருக்கு முன்னால் மாட் மெக்லாயினைத் தேர்ந்தெடுத்திருந்தார். போல்டன் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

போல்டன் போக விரும்பியது தண்டனையால் அல்ல. அவர் போக முடிந்தது தண்டனையால். வீட்டின் அருகாமை, ஆடும் வாய்ப்பு, பயிற்சியாளரோடு ஒட்டாமை என்று எந்தக் கல்லூரியிலும் எந்த ஆண்டிலும் வீரர்களுக்கு இருக்கும் காரணங்கள், அந்த ஓராண்டுச் சுமை நீங்கியதும் வெளியே வந்தன. அவற்றையெல்லாம் தண்டனைக் கணக்கில் எழுதினால், தண்டனை உண்மையில் விரட்டியவர்களின் எண்ணிக்கை ஊதிப்போகும். மறுபுறம், அணியை மெலிவித்த அதே இழப்பு, இருந்தவர்களுக்கு ஆடும் இடத்தைக் கொடுத்தது. முக்கிய வீரர்கள் சிலர் போனது இன்னொருவனுக்கு முதல் பதினொருவரில் ஓரிடம்.

அந்த இடத்தின் கனத்தை சாம் ஃபிக்கன் அறிவார். ஃபெரா போனதால் உதைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. இரண்டாவது போட்டியில் வர்ஜீனியாவுக்கு எதிராக நான்கு முறை குறிதவறினார். அணி 17க்கு 16 என்று தோற்றது. ஆனால் அதன்பின் அணி நிமிர்ந்தது. செப்டம்பர் 29இல் இல்லினாய்க்கே போய் 35க்கு 7 என்று வென்றது; அன்று மௌட்டி எதிரணி எறிந்த பந்தைப் பிடித்து 99 யார்டு ஓடினார். நவம்பரில் மௌட்டி முழங்கால் காயத்தால் வெளியேற, கடைசிப் போட்டியில் அணியினர் அனைவரும் அவரது 42ஆம் எண்ணைத் தலைக்கவசத்தில் அணிந்து ஆடி விஸ்கான்சினை வென்றனர். 8 வெற்றி, 4 தோல்வி. அதே பருவத்தில் யு.எஸ்.சி. 7 வெற்றி, 6 தோல்வியோடு முடித்தது. 2014 செப்டம்பரில் பவுல் தடை முன்கூட்டியே நீக்கப்பட்டது. அந்த டிசம்பரில் நியூயார்க் யாங்கீ மைதானத்தில் பாஸ்டன் காலேஜை 31க்கு 30 என்று வென்றபோது வெற்றிப் புள்ளியை உதைத்தவர் ஃபிக்கன்.

அடுத்த திருப்பம் மிசிசிப்பியில். ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் அப்பல்கலைக்கழகத்துக்கு 2017 டிசம்பர் 1 அன்று ஓராண்டு பவுல் தடை விழுந்தது. குவார்ட்டர்பேக் ஷே பேட்டர்சனுக்கு இன்னும் இரண்டு பருவங்கள் மிச்சம். பழைய அளவுகோலின்படி அவருக்குக் கதவு திறக்காது. அவரும் சக வீரர்கள் சிலரும் வேறொரு வாதத்தைக் கொண்டுவந்தனர். தங்களைச் சேர்த்தபோது விசாரணை குறித்துக் கல்லூரி உண்மையைச் சொல்லவில்லை என்பதே அது. வழக்கறிஞர் டாம் மார்ஸ் அவர்களுக்காக வாதாடினார். 2018 ஏப்ரலில் பேட்டர்சன் மிச்சிகனில் உடனே ஆட அனுமதி பெற்றார். அதுவரை சலுகை என்பது சங்கம் இரங்கிக் கொடுப்பது. இப்போது வீரர், தான் ஏமாற்றப்பட்டவன் என்று கூறித் தனக்கு உரியதாகவே அதைக் கேட்டார். என் பார்வையில் 2012ஐவிட இதுவே பெரிய மாற்றம்.

அதன்பின் விதிகள் வேகமாகச் சரிந்தன. 2018 அக்டோபர் 15 முதல், போக விரும்பும் வீரர் பயிற்சியாளரின் அனுமதி கேட்காமல் பொதுப் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கலாம். ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ என்பது அதுதான். 2021இல் ஒருமுறை காத்திருக்காமல் மாற எல்லா வீரர்களுக்கும் உரிமை கிடைத்தது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் கூட்டரசு நீதிமன்றம் இரண்டாம் முறை மாறுவோருக்கான தடையையும் நிறுத்திவைத்தது. 2024 ஏப்ரலில் சங்கம், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்று விதியைத் திருத்தியது. தண்டிக்கப்பட்ட அணியின் வீரருக்கும் தண்டிக்கப்படாத அணியின் வீரருக்கும் இருந்த வேறுபாடு அங்கே மறைந்தது.

தண்டனையின் வடிவமும் அதற்குள் மாறிவிட்டிருந்தது. 2023 ஜூலையில் டென்னசி பல்கலைக்கழகத்தின் மீது மிகக் கடுமையான வகையைச் சேர்ந்த 18 குற்றச்சாட்டுகள் நிறுவப்பட்டன. அபராதம் 80 லட்சம் டாலருக்கு மேல், பறிக்கப்பட்ட உதவித்தொகைகள் 28, முன்னாள் பயிற்சியாளர் ஜெரமி புரூயிட் மீது ஆறாண்டுக் கட்டுப்பாடு. பவுல் தடை மட்டும் இல்லை. குற்றத்தில் பங்கில்லாத வீரர்களைத் தண்டிக்கக் கூடாது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 1987இல் டல்லஸ் வளாகத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த பையன்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.